பழைய ராணுவ ரைபிளின் மரக்கட்டை: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

உப்புத்தாளை வாங்கி வைத்துக்கொண்டுதான் பலரும் இந்த வேலைக்கு உட்காருகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் உட்கார்ந்தேன். என் ரைபிளின் பின்கட்டையில், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் பின்பகுதியில், வலப்பக்கத்தில் வட்டத்துக்குள் ஏதோ எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அழுக்கும் கீறலும் சேர்ந்த இடம் என்று எண்ணித் தேய்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மரம் வழவழப்பாக வந்தது. அங்கே இருந்தது ஆய்வாளர் முத்திரை என்பது, அதே வகைத் துப்பாக்கியின் படத்தைப் பிறகு பார்த்தபோதுதான் புரிந்தது. போனதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதனால் இந்த வழிமுறையில் உப்புத்தாள் கடைசியில்தான் வரும். பல கட்டைகளுக்கு வரவே வராது.

கட்டையில் தெரியும் எந்தக் குறையும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, மரத்தின் மேல் படிந்த அழுக்கு, கிரீஸ். இரண்டு, பூச்சு. மூன்று, மரத்தின் உள்ளே. மேலே படிந்ததற்கு மரத்தைச் சுரண்டக் கூடாது. மரத்துக்குள் இருப்பதற்கு மேலே எண்ணெய் பூசிப் பயனில்லை. எந்த இடம் என்று தெரியாமல் கைவைப்பதால்தான் பெரும்பாலான கட்டைகள் கெடுகின்றன.

பிரிப்பதற்கு முன்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசினைக் காலி செய்து, போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) வெளியே எடுத்து, தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம். வேலை மரத்தில் என்பதால் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

பிறகு படம் எடுங்கள். விளக்கை நேராகப் பிடிக்காமல், மரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிப்போன முத்திரைகள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பின்கட்டையின் இரு பக்கம், கழுத்தின் (கை பற்றும் ஒடுங்கிய இடம்) அடிப்பகுதி, அடித்தகட்டுக்கு (தோளில் படும் முனையிலுள்ள உலோகத் தகடு) கீழே, குழாய் படுக்கும் பள்ளத்தின் உள்ளே என்று எல்லா இடத்தையும் பாருங்கள். அமெரிக்க எம்1 கேரண்ட் ரைபிளில் கழுத்துக்கு அடியில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்து இருக்கும். சோதனைக்காகச் சுட்டுப் பார்த்ததில் தேறிய அடையாளம் அது. கண்டுபிடித்த முத்திரை ஒவ்வொன்றையும் சுற்றி மறைப்பு டேப் ஒட்டி எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றும் முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் கட்டாயமானது. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைபிளில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட மரையாணியின் முனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் முன்கட்டையின் (குழாயைத் தாங்கும் முன்பகுதி மரம்) பின்முனையில் பதித்த சிறு தகட்டில் போய் உட்காரும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த மரையாணியைத் திருகினால், சதுரம் சுழன்று முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டை முதலில், பின்கட்டை பிறகு. வேறு எந்த ரகமாக இருந்தாலும் திருகாணியின் வெட்டுக்கு அச்சாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். குழாயை மேலிருந்து மூடும் மேல்கட்டைகள் மெல்லியவை. கட்டையையும் குழாயையும் பிணைக்கும் வளையங்களை இழுக்கும்போது சீவல் பெயர்வது அங்கேதான்.

பூச்சு என்ன என்று தெரியவில்லை

அடித்தகடு மறைக்கும் இடத்திலோ குழாய்ப் பள்ளத்தின் ஓரத்திலோ சோதனை செய்யுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் செம்மஞ்சள் நிறம் ஏறினால் அது அரக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் புதுப்பிக்கப்பட்ட மோசின்-நாகன்ட் ரைபிள்களில் இருப்பது இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் அசிட்டோனுக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாமல் பிளாஸ்டிக் உறைபோல் மின்னினால், முந்தைய உரிமையாளர் யாரோ அடித்த பாலியூரித்தேன் வார்னிஷாக இருக்கலாம். பளபளப்பில்லாமல் இருந்து, தண்ணீர்த் துளியை மெதுவாக உள்ளே இழுத்தால் எண்ணெய்ப் பூச்சு. பிரிட்டன் ரைபிள்களுக்குப் பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளிவிதை எண்ணெய். அமெரிக்க எம்1-க்கு முதலில் ஆளிவிதை எண்ணெய், போர்க்காலத்தில் டங் என்ற மரத்தின் விதை எண்ணெய்.

ஜப்பானிய அரிசாகா தனி ரகம். அதில் உருஷி என்ற மரப்பால் அரக்கைப் பூசியிருப்பார்கள். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் அதை ஒன்றும் செய்யாது. அதைத் தேய்த்தெடுக்கவும் கூடாது. திரும்பச் செய்ய முடியாத பூச்சு என்பது ஒரு காரணம். அதன் தூள் பட்டுச் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பும் தடிப்பும் வரும் என்பது இன்னொரு காரணம்.

கை வைத்தால் ஒட்டுகிறது, வெயிலில் பழுப்பாகக் கசிகிறது

இது காஸ்மோலின் என்று பொதுவாக அழைக்கப்படும் துருத்தடுப்பு மெழுகு. கிடங்கில் பல ஆண்டு கிடக்கப்போகும் துப்பாக்கியை இதில் தோய்த்து வைப்பார்கள். பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆறியிருக்கும்போது மெழுகு, சுமார் 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் இளகி ஓடும். அந்த இளகும் தன்மையை வைத்தே இதை வெளியேற்ற வேண்டும்.

கட்டையை உறிஞ்சும் தாளில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தாளை மாற்றுங்கள். வெளியே வந்த கொழுப்பைச் சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிடுங்கள். ஆறவிட்டால் மரம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத காலத்தில் ஹேர் டிரையர் போதும். சூடான காற்றை வீசும் ஹீட் கன் கருவி என்றால் ஓர் அடி தள்ளிப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். சமையல் அடுப்புக்குள் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மரம் காய்ந்து வளையும், கசியும் கொழுப்பு தீப்பிடிக்கும்.

ஒரே நாளில் முடியாது. மூன்று நாள், ஐந்து நாள் ஆகலாம். ஒவ்வொரு நாளும் தாளில் ஏறும் கறை குறைந்துகொண்டே வரும். வெறும் நிழல் அளவுக்கு வந்ததும் மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் முழுவதும் ஒரு துடைப்பு, அதோடு நிறுத்திவிடலாம். அப்போதும் அடிமரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். துப்பாக்கி சுட்டுச் சூடேறும்போது ரிசீவர் (குழாயின் பின்னால் போல்ட் ஓடும் உலோகக் கூடு) ஓரத்தில் லேசாகக் கசிந்தால் அது கோளாறு அல்ல, துடைத்துவிட்டால் போதும். பெட்ரோலில் கழுவ வேண்டாம். அதன் ஆவி தரையோடு ஊர்ந்து போய் எட்டத்தில் இருக்கும் நெருப்பைக்கூடப் பிடிக்கும்.

ஒட்டவில்லை, ஆனால் கறுத்துக் கிடக்கிறது

கைவியர்வையும் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து இறுகிய மேலோடு இது. வேலை குறைவு, பலன் அதிகம் என்றால் இந்த இடம்தான். பாதி பச்சை ஆளிவிதை எண்ணெய், பாதி டர்பன்டைன் கலந்து, சொரசொரப்பான பருத்தித் துணியில் தொட்டு, மரத்தின் ரேகையோடு தேய்த்துத் துடையுங்கள். துணி கறுத்தால் மாற்றுங்கள். அழுக்கு விடாத இடத்தில் நைலான் தேய்ப்பு அட்டையில் மிக மென்மையானதை லேசாக ஓட்டலாம்.

எஃகு நாரைத் தவிர்த்துவிடுவது நல்லது. அதன் துணுக்குகள் ரேகைக்குள் தங்கிவிடும். பிறகு ஈரம் பட்டதும் ஒவ்வொரு துணுக்கும் கறுப்புப் புள்ளியாக மாறும். வெண்கல நார் கிடைத்தால் அந்தக் கவலை இல்லை.

இதைச் செய்து முடித்ததும் கட்டையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். என்னிடம் வந்த கட்டைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தோடு வேலை முடிந்திருக்கிறது. சிப்பாயின் கன்னம் பட்டுப் பட்டு மின்னும் இடம், தோள்வார் உரசிய இடம், வண்டியில் அடிபட்ட வடு எல்லாம் துலங்கி வந்தபின் அவற்றை அழிக்க எனக்குக் கை வராது.

ஒரே இடத்தில் மட்டும் கறுப்புத் திட்டு

கறுப்பில் இரண்டு வகை உண்டு. குழப்பிக்கொண்டால் பாடு வீண்.

ரிசீவரைச் சுற்றியும் கழுத்திலும் பழுப்புக் கறுப்பாக, ஈரம்போல, ஓரம் மங்கிக் கரைந்து தெரிந்தால் அது துப்பாக்கி எண்ணெய் ஊறியது. துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தே ஆண்டுக்கணக்கில் எண்ணெய் போட்டால் அது வடிந்து இங்கேதான் சேரும். கால்சியம் கார்பனேட் தூளை அசிட்டோனில் பிசைந்து கூழாக்கி, அரை விரல் கனத்துக்கு அப்பிவிடுங்கள். திறந்தவெளியில், நெருப்பே இல்லாத இடத்தில். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். அது ஆவியாகி வெளியேறும்போது எண்ணெயும் கூடவே ஏறித் தூளில் தங்கும். வெள்ளைக் கூழ் மஞ்சளாகிக் காய்ந்ததும் தட்டிவிட்டு, மறுபடி அப்புங்கள். நாலைந்து முறை ஆகும். இப்படி ஊறிய மரம் பஞ்சுபோல் மென்மையாகியிருந்தால், நகத்தால் அழுத்தினாலே பதியும். பழைய பலம் அதற்குத் திரும்பாது. அந்த இடம் ரிசீவரின் உதையைத் தாங்கும் இடமாக இருந்தால், அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞரிடம் காட்டாமல் சுட வேண்டாம்.

திருகாணி, அடித்தகடு, வார் வளையம் ஆகியவற்றைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பாக இருந்தால் அது இரும்புக் கறை. வால்நட் மரத்தில் இருக்கும் டானின், ஈரம் பட்ட இரும்போடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. பழைய மசியைச் செய்ததும் இதே வினையால்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மரத்தின் ஆழம்வரை ஓடியிருக்கும். இதற்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் சுடுநீரில் 50 கிராம் அளவுக்குப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள். பூச்சை முதலில் அகற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் உள்ளே இறங்காது. திட்டில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். அந்தப் பக்கம் முழுவதும் தடவி, திட்டில் மட்டும் கூடுதலாக ஈரமாக வைத்திருங்கள். கறை கண்முன்னே கலையும். போதும் என்று தோன்றியதும் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஐந்தாறு முறை துடைத்தெடுங்கள்.

இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துடைக்காமல் விட்டால் காய்ந்தபின் நுண்ணிய பொடிப்பூச்சாக மேலே நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூக்கிலும் நுரையீரலிலும் போய் எரிக்கும். குளோரின் பிளீச்சை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அது இரும்புக் கறையைத் தொடாது, மரநாரைத்தான் அரிக்கும்.

கறை போனபின் அதை உண்டாக்கிய திருகாணியின் துருவையும் துடைத்து, திருப்பிப் பூட்டும்போது அடித்தகட்டின் உட்பக்கத்தில் மெழுகு தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் கறை திரும்பி வரும்.

பள்ளம் விழுந்திருக்கிறது

பள்ளத்துக்குள் ரேகை தொடர்ச்சியாக வளைந்து போகிறதா, வெட்டுப்பட்டு நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். தொடர்ந்து போனால் நார் நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரும் சூடும் கொடுத்தால் மறுபடி உப்பும். பருத்தித் துணியை நனைத்து இரண்டாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஐந்து முதல் பத்து விநாடி அழுத்துங்கள். உஸ்ஸென்று ஆவி உள்ளே போகும். துணியை மறுபடி நனைத்து மறுபடி வையுங்கள். துணி காய்ந்தபின் ஒரு நொடிகூட அழுத்தக் கூடாது, மரம் கருகும். வார்னிஷோ அரக்கோ இருந்தால் ஆவி உள்ளே புகாது. அரக்கு வெளுத்தும் போகும். எனவே இது பூச்சு அகற்றிய கட்டைக்கும் எண்ணெய்ப் பூச்சுக் கட்டைக்கும் மட்டுமே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முத்திரையும் ஒரு பள்ளம்தான். இரும்பு அச்சை வைத்து அடித்து நாரை நசுக்கிப் பதித்தது அது. பள்ளத்தை எழுப்பும் அதே ஆவி முத்திரையையும் எழுப்பி அழித்துவிடும். உப்புத்தாளே தொடாமல், "ஆவிதானே, மரத்தைச் சுரண்டவில்லையே" என்ற நம்பிக்கையில் முத்திரையைத் தொலைத்தவர்கள் உண்டு. முத்திரைக்கு நாலு விரல் தூரத்துக்குள் ஆவி போக வேண்டாம். கட்டையை வெந்நீரில் முக்குவதும் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடுவதும் இதே காரணத்தால் கூடாது. போதாக்குறைக்கு மரம் உப்பிப் பிளக்கும், ஒட்டுப்பலகைக் கட்டையாக இருந்தால் அடுக்குகள் பிரியவும் கூடும்.

நார் வெட்டுப்பட்ட காயம் ஆவிக்கு எழாது. அதை அப்படியே விடுவது என் வழக்கம். மரத்தூளும் பசையும் கலந்த மக்கு எண்ணெய் பட்டதும் வேறு நிறத்தில் கிடந்து காயத்தைவிட அசிங்கமாகத் தெரியும்.

விரிசல் போலத் தெரிகிறது

முதலில், விரிசல் அல்லாதவை. அரிசாகாவின் பின்கட்டையில் நீளவாக்கில் ஓடும் கோடு, இரண்டு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த இணைப்பு. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் செய்தார்கள். ஜெர்மானிய கே98கே கட்டைகள் பலவற்றில் காணும் இணைகோடுகள், மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்தியதன் அடுக்குகள். அதே ரைபிளின் பின்கட்டையில் உலோக வளையத்தோடு இருக்கும் துளை, போல்ட்டைப் பிரிப்பதற்கு உதவுவது. யாரும் பிறகு போட்ட ஓட்டை அல்ல. இந்தியாவின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை வழியாக வந்த லீ-என்ஃபீல்டுகளில் முன்கட்டைக்குக் குறுக்கே போகும் திருகாணி, மரம் பிளக்காமல் இருக்கப் போட்ட வலுவூட்டல். ராணுவப் பட்டறையில் கச்சிதமாக வெட்டிப் பதித்த ஒட்டுத்துண்டுகளும் உண்டு. இவற்றை மூடவோ நிரப்பவோ நிறம் மாற்றவோ முயல வேண்டாம். அந்தத் துப்பாக்கியின் வரலாறே அங்கேதான் எழுதியிருக்கிறது.

சந்தேகம் தீர, மினரல் டர்பன்டைனை அந்த இடத்தில் பூசித் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்தபின் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது உள்ளே இறங்கிய விரிசல். பிறகு இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கோடு வாய் திறந்து மூடினால் உடனே கவனிக்க வேண்டும்.

அதிகம் விரிவது ரிசீவரின் வாலுக்கு, அதாவது அதன் பின்னால் நீளும் மெல்லிய பகுதிக்கு, பின்னால். காரணம் எளிது. உதையைத் தாங்க வேண்டிய தோள் (ரிசீவர் முட்டி நிற்கும் மரப்பகுதி) நசுங்கிப்போனதால் ரிசீவர் பின்னுக்கு நகர்ந்து, வாலே ஆப்புபோல மரத்தைப் பிளக்கிறது. விரிசலை மட்டும் ஒட்டிவிட்டுப் பூட்டினால் சில சூடுகளுக்குள் அது பக்கத்தில் வேறொரு கோடாகத் திரும்ப வரும். காரணத்தையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்: வாலின் பின்னால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், உதை தோளில் போய்ச் சேர வேண்டும். தோளைக் கட்டியெழுப்புவது கைத்தேர்ச்சி கேட்கும் வேலை. அதில் பழக்கமில்லாதவர் வினைஞரிடம் கொடுப்பதே சரி.

ஒட்டும் முறை இது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. எனவே விரிசலுக்குள் அசிட்டோனை ஊற்றிக் கழுவுங்கள், ஒரு நாள் காயவிடுங்கள், இரண்டு முறை செய்யுங்கள். நிதானமாக இறுகும் எபாக்சிப் பசையைக் கலந்து, ஹேர் டிரையரில் மரத்தை லேசாகச் சூடாக்கி, விரிசலை மெல்லத் திறந்து பிடித்தபடி, பல்லிடுக்கு நூலால் பசையை உள்ளே இழுத்து விடுங்கள். மறுபக்கம் பசை எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், அடிவரை போவதற்குள் இறுகிவிடும். கட்டை வளைந்த உருவம் என்பதால் இடுக்கி சரியாகப் பிடிக்காது. சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகல நாடாவாக நறுக்கி, இழுத்துச் சுற்றிக் கட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். வழிந்த பசையை முழுதும் இறுகும் முன் துடைத்துவிடுங்கள். 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

கழுத்தைக் குறுக்கே கடக்கும் விரிசலுக்குப் பசை மட்டும் போதாது. உள்ளே திருகு வெட்டிய பித்தளைக் கம்பி செலுத்த வேண்டும். அதுவரை அந்தத் துப்பாக்கி சுவரில் தொங்கட்டும்.

மின்னுகிறது, உரிகிறது, திட்டுத்திட்டாகப் பெயர்கிறது

யாரோ அடித்த வார்னிஷ் என்றால் ஜெல் வடிவப் பெயின்ட் நீக்கியைக் கனமாகத் தடவி, குறிப்பிட்ட நேரம் விட்டு, மரச் சீவலாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ வழித்தெடுங்கள். முத்திரை உள்ள இடத்தில் மென்மையான பிரஷ் போதும். திறந்த இடம், கையுறை, கண்ணாடி. அடுப்புக் கறை நீக்கும் நுரை வேகமாக வேலை செய்கிறதே என்று பலர் அதை அடிக்கிறார்கள். அதில் இருப்பது காஸ்டிக் சோடா. பூச்சோடு மரத்தின் நாரையும் அது கரைத்து, மேற்பரப்பைப் பஞ்சாக்கி, வால்நட்டைக் கறுக்க வைக்கும்.

பழைய பெயின்ட் அடித்த கட்டை என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம்.

மோசினின் அரக்கு உரிந்தால் முழுதாக எடுக்கத் தேவையில்லை. புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த செவ்வரக்கைப் பெயர்ந்த இடத்தில் மெல்லிய பூச்சுகளாக ஏற்றிக்கொண்டே வந்து, கடைசியில் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஓரங்களை ஒரே இழுப்பில் தடவினால் எல்லை மறைந்துவிடும்.

சின்னத் துளைகள், அடியில் மாவு

துளையிலிருந்து புது மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. கட்டையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் மரத்தில் பனிநீர் கோக்கும். மாவு இல்லாத பழைய துளைகளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

எண்ணெய் பூசினேன், காயவே இல்லை

அதிகம் பூசிவிட்டீர்கள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. கனமாகக் கிடந்தால் மேலே ஏடு கட்டி, அடியில் கூழாகவே நிற்கும். மினரல் டர்பன்டைனும் சொரசொரப்பான துணியும் கொண்டு அந்த ஏட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் சில நாள் தொங்கவிடுங்கள்.

இனி பூசும்போது முதல் இரண்டு பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. உள்ளங்கையில் சில துளி விட்டு, மரம் சூடேறும்வரை கையாலேயே தேய்த்து ஏற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். "எல்லாம்" என்றால் எல்லாமே. தொட்டால் கையில் ஈரம் தெரியக் கூடாது. காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் உலோக உப்பு உலர்த்திகள் கலந்திருக்கும், அது ஒன்றிரண்டு நாளில் காயும். பச்சை எண்ணெய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அசல் முறைதான் வேண்டும் என்பவர் பச்சை எண்ணெயைப் பூசிப் பொறுத்திருக்கலாம். அடித்தகட்டுக்குக் கீழே உள்ள வெட்டுமுனையையும் குழாய்ப் பள்ளத்தையும் மறக்காதீர்கள். ஈரம் நுழைவது அந்தத் திறந்த வாய்களில்தான்.

எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் வீடு எரியலாம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இறுகும்போது எண்ணெய் வெப்பம் வெளியிடும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் போக வழியின்றிக் கூடிக்கூடி, தீக்குச்சி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்தவெளியில் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

சொரசொரப்பாக வருகிறது, நிறம் ஒரே சீராக இல்லை

ஈரம் பட்டதும் நார்முனைகள் எழுந்து நிற்பதால் சொரசொரப்பு. எண்ணெய் போடும் முன்னரே ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எழுந்த நாரை 320 நம்பர் உப்புத்தாளின் தேய்ந்த துண்டால் ரேகையோடு ஒரே ஒரு முறை வருடுங்கள். உப்புத்தாளுக்கு நான் அனுமதி தரும் இடம் இது ஒன்றுதான். முத்திரை இருக்கும் இடம் இதிலும் சேராது. அடித்தகடும் வளையங்களும் உட்காரும் ஓரங்களிலும் வேண்டாம். ராணுவக் கட்டைகளில் மரம் இரும்பைவிட இம்மியளவு உயர்ந்தே நிற்கும். அங்கே தேய்த்தால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கி, பொருந்தாத சட்டைபோலத் தெரியும்.

பீச், பிர்ச் மரங்கள் சாயத்தை ஒரே அளவில் இழுக்காது. திட்டு விழும். வால்நட் நிறத்துக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, எண்ணெய் தானாகக் கொடுக்கும் தேன்நிறத்தோடு விடுங்கள். ஓராண்டில் அது இன்னும் ஆழ்ந்துபோகும்.

திரும்பப் பூட்டும்போது உட்கார மறுக்கிறது

மரத்தை எங்கும் சீவாதீர்கள். ஈரம் பட்ட கட்டை உப்பியிருக்கிறது. அறைக்குள் நிழலில் இரண்டு வாரம் விட்டால் பெரும்பாலும் தானாகப் பொருந்தும். அதன்பிறகும் தடுத்தால், ரிசீவரின் அடியில் உதட்டுச்சாயம் மெல்லிதாகத் தடவி இறக்கி எடுங்கள். நிறம் ஒட்டிய இடம்தான் தடுக்கிறது. பெரும்பாலும் அங்கே காய்ந்த எண்ணெய்க் கட்டியோ வழிந்த எபாக்சியோ இருக்கும், உளிமுனையால் அதை மட்டும் எடுத்தால் போதும். திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முதல் நாள் சுட்டபின் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை அவற்றைச் சோதியுங்கள். புது எண்ணெய் உள்ளே இறுகி, உப்பிய மரம் பழைய அளவுக்கு இறங்கும்போது அவை தளர்ந்திருக்கும்.